ஸ்டார்ட்டர் இல்லாத கார்

பிரித்து மேய்ந்து மறுபடி கட்டிய கார் எஞ்சினில் மாட்டுவதற்காக மெக்கானிக் பெலிக்ஸ் ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தூக்கினார். அதன் காலடியில் ஒரு மெல்லிய தகடு ஒட்டியிருந்தது.

"நீ எதுக்குடா நடுவுல?" என்றது ஸ்டார்ட்டர்.

"உங்க பல்லுக்கும் எஞ்சினைச் சுத்துற பிளைவீல் சக்கரத்துப் பல்லுக்கும் துளி இடைவெளி வேணும்ணே. அப்பத்தான் எஞ்சினைக் கிளப்பி விட்டதும் நீங்க சட்டுனு விலகி வரலாம்" என்றது தகடு.

"நான் ஏன் விலகணும்? தொடங்கி வைக்கிறதே நான்தான். கடைசி வரைக்கும் மேடையிலதான் இருப்பேன்!"

ஸ்டார்ட்டர் உடம்பை ஒரு உதறு உதறியது. தகடு தரையில் விழுந்தது. போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்த பெலிக்ஸ் அதைக் கவனிக்கவில்லை. போல்ட்டை இறுக்கிச் சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் கிளம்பியது. ஸ்டார்ட்டர் பிளைவீலைக் கவ்விய பல்லை எடுக்கவே இல்லை.

"போதும், விடுய்யா! நான் ஓட ஆரம்பிச்சாச்சு" என்று பிளைவீல் கத்தியது.

"நான்தானே ஓட்டுறேன்!" என்றது ஸ்டார்ட்டர். உண்மையில் பிளைவீல்தான் அதைச் சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. கறகறவென்று சத்தம் வந்தது, புகை வந்தது, ஸ்டார்ட்டரின் பற்கள் உடைந்து கொட்டின.

பெலிக்ஸ் எஞ்சினை நிறுத்தி, ஸ்டார்ட்டரைக் கழற்றித் தகட்டின் பக்கத்தில் போட்டார். கார்க்காரருக்கோ முகூர்த்தத்துக்குப் போகிற அவசரம். நாலு பேர் பின்னாலிருந்து தள்ள, கார் குலுங்கிக் கிளம்பித் தெருமுனையில் மறைந்தது.

"நீங்க இல்லாமலே போயிருச்சேண்ணே" என்றது தகடு.

ஸ்டார்ட்டர் பொக்கை வாயால் சிரித்தது.

"பாத்தியா? என் ஒருத்தன் இடத்துக்கு நாலு பேர் தேவைப்படுது!"