பந்து வரவேண்டிய இடம்

கணக்கு டீச்சர் பேஸ்பால் மட்டையை இருபது முறை அச்சு அசலாக ஒரே மாதிரி சுழற்றினார். ஒரு முறைகூடப் பந்தில் படவில்லை. ஏன் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

புதிதாக வந்திருந்த கோச்சுக்குப் பொறுமை போய்விட்டது. "பந்து முழங்காலுக்கு வந்தாலும் இடுப்புல சுத்துறீங்க, தோளுக்கு வந்தாலும் இடுப்புலயே சுத்துறீங்க."

"ஓ, ஒவ்வொண்ணையும் வேற வேற உயரத்துலயா எறியறீங்க?"

"பின்ன? பந்து வர்ற பக்கம் மட்டை போகணும், டீச்சர். மட்டையை மாத்துங்க."

"மாட்டேன் சார். நீங்க எறியறதை மாத்துங்க."

கோச் சிரித்துவிட்டார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இருபது வருஷம் காலேஜ் டீமுக்குச் சொல்லிக்குடுத்தவன் நான்."

"இருக்கட்டும். இந்தக் கூடம் கோணல்தான்."

"அப்ப ஞாயித்துக்கிழமை மேட்ச்ல நீங்க கிடையாது."

"சரி. அதுக்கு முன்னால ஒரே ஒரு பந்து. நான் 'மூணு' சொல்றப்ப மட்டை எங்க வருதோ, அங்க எறியுங்க."

வெறும் காற்றில் ஒருமுறை சுழற்றிக் காட்டிவிட்டு, டீச்சர் எண்ணத் தொடங்கினார். கோச் வேண்டாவெறுப்பாக எறிந்தார். பந்து 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டே வந்து, மட்டையில் பட்டுப் பறந்து, வேலியோரப் புல்லில் விழுந்தும் கத்திக்கொண்டிருந்தது.

"அப்ப, சத்தம் கேட்டா உயரம் தெரியாதா உங்களுக்கு?" என்றார் கோச்.

"சத்தத்தை வச்சுப் பந்து வர்றது தெரியும் சார், எந்த உயரத்துலன்னு தெரியாது. எங்க டீம்ல ஆறு பேருக்குமே பார்வை இல்லையே. இந்த ஆட்டத்துல சொந்த டீம் ஆளேதான் எறியணும்; மேட்ச்லயும் எங்களுக்கு எறியப்போறது நீங்கதான். அதனால மட்டை எப்பவும் ஒரே இடத்துக்குத்தான் வரும். கண்ணு இருக்கற நீங்கதான் பந்தை அங்க கொண்டுவந்து சேர்க்கணும்."