பச்சைத் துண்டு பிடித்த இடம்

வாழைத்தார் வியாபாரி வடமலை டீ குடிக்கப் போகும்முன் தன் பச்சைத் துண்டை பஸ் ஜன்னல் வழியாக சீட்டில் வீசிவிட்டுப் போனார். துண்டுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"நான் கிடந்தா இடம் ரிசர்வ்டு," என்றது.

"அப்படின்னா?" என்று கேட்டது சீட்டு.

"ஆள் வருதுன்னு அர்த்தம். ரயில்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

ஆள் வரவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. ஏறியவர்கள் எல்லாம் துண்டைப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றார்கள். வெளியே மஞ்சள் வெயிலில் பனைமரங்கள் தூக்கத்தில் நடப்பவைபோல் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அடுத்த ஸ்டாப்பில் வடமலை ஏறிவிடுவார் என்று துண்டு ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நினைத்தது.

ஏழாவது ஸ்டாப்பில் நிறைமாதக்காரி ஒருத்தி ஏறினாள். துண்டைப் பார்த்ததும் பேசாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வரப்போற ஆள் யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்று சீட்டு மெல்லக் கேட்டது.

துண்டு அவள் வயிற்றைப் பார்த்தது. இங்கிருந்து போய்விட்டால் வடமலையின் தோள் இனிமேல் கிடையாது. ஆனாலும் ஜன்னலில் வந்த காற்றிடம், "என்னைத் தூக்கிக்கோ," என்றது.

அவள் உட்கார்வதைப் பறந்துகொண்டே பார்த்தது.

வரப்போரம் ஓர் எருக்கஞ்செடியின் மேல் போய் விழுந்தது. தட்டான் ஒன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்து தயங்கியது.

"இங்க ஆள் வருதா?"

"வந்தாச்சு," என்றது துண்டு. "உட்காரு."