தண்ணீர் கேட்காத செடி

“அம்மாவோட ரோஜாவெல்லாம் எங்கே?”

பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டிலேயே நின்று கேட்டாள் மகள்.

“எடுத்தாச்சு அண்ணி. முதல்ல உள்ளே வாங்க, காபி குடிங்க” என்றாள் மருமகள்.

“எடுத்தாச்சா! என்னமோ கொடியிலேர்ந்து துணி எடுத்த மாதிரி சொல்றே?”

ரோஜாப் பாத்தி இருந்த இடத்தில் சரளைக்கல் கலந்த மண்மேடு. அதன்மேல் இடுப்பளவுக்கு வரிசையாகச் செடிகள். இலையெல்லாம் சாம்பல் பூசின மாதிரி வெளுத்துப்போயிருந்தன. பேருக்கு ஒரு பூ இல்லை.

“இது என்ன, செடியா, செடியோட ஆவியா?”

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “வெள்ளி இலைச் செடி அண்ணி. வெயில்தான் இதுக்குச் சாப்பாடு.”

வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் வரும் தெரு இது. குளித்த தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர் என்று சேர்த்துச் சேர்த்து ஊற்றி அம்மா வளர்த்த ரோஜா அது.

‘என்கூட வந்து நாலு நாள் இரும்மா’ என்று ஒவ்வொரு போனிலும் மகள் கூப்பிடுவாள். ‘செடிக்கு யாருடி தண்ணி ஊத்துவா?’ என்று அம்மா ஒவ்வொரு தடவையும் மறுத்துவிடுவாள். வேறு யார் ஊற்றினாலும் அவளுக்கு நம்பிக்கை வராது. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூட அவள் வெளியே தங்கியதில்லை.

தம்பிக்கு வெளியூரில் வேலை. வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும்தான். கேட்க ஆளில்லாத தைரியம் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

அம்மா பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். இந்த வாயில்லாத ஜீவன்களாவது பிழைக்கட்டும் என்று வாளியோடு தோட்டத்துக் குழாய்க்குப் போனாள் மகள். குழாயில் கைப்பிடியே இல்லை.

“கைப்பிடி எங்கே?”

“என்கிட்டதான் இருக்கு அண்ணி.”

“சபாஷ்! இனி எங்கம்மா மூச்சு விடணும்னாலும் உன்கிட்ட கேக்கணுமா?”

குளியலறையிலிருந்து வாளியை நிரப்பித் தூக்கி வந்தாள். முதல் செடியின் அடியில் சாய்க்கப் போகும்போது மருமகள் ஓடிவந்து வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் அண்ணி! தண்ணி நின்னா வேர் அழுகிடும். ஏற்கெனவே ரெண்டு செடி அப்படித்தான் போச்சு.”

“ஊத்த மனசில்லைன்னு சொல்லேன்!”

இழுபறியில் பாதித் தண்ணீர் மகளின் புடவையில் கொட்டியது. அந்த நேரம் பார்த்து அம்மா வந்து சேர்ந்தாள்.

“பாரும்மா, உன் மருமகள் பண்ற அராஜகத்தை!”

அம்மா அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

“மேகம் கூடுது. காத்துல ஈரம் இருக்கு. எதுவானாலும் காலையில பேசிக்கலாம். போய்ப் புடவையை மாத்து.”

அம்மா பயந்து வாழ்கிறாள் என்று மகள் முடிவே கட்டிவிட்டாள். அதன் பிறகு அவள் மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

விடிந்தும் விடியாமலும் அம்மாவின் கூச்சல் கேட்டது.

“பூத்துடுச்சு! அடியே, ஓடி வாங்கடி!”

மகள் அலறியடித்துக்கொண்டு ஓடினாள். நேற்று சாம்பலாக நின்ற செடிகளில் இன்று இலையே தெரியவில்லை. அடியிலிருந்து நுனிவரை ஊதாப் பூ. மழை இன்னும் பெய்யவில்லை. மழை வரும் வாடைக்கே இந்தக் கோலாகலம். எதிர்வீட்டு டெய்லர் தைத்துக்கொண்டிருந்த சட்டையோடு வந்து வாயைப் பிளந்து நின்றார். தெருவில் இருந்த தேனீயெல்லாம் இங்கேதான் மொய்த்தது.

“கடவுளே, உனக்கு நன்றி!” என்று கைகூப்பிய அம்மா, மருமகளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். “கோடை முழுக்க ஒரு சொட்டு ஊத்தல. பந்தயத்துல நீ ஜெயிச்சுட்டே!”

“என்ன பந்தயம்?” என்றாள் மகள்.

“ரோஜாவை எல்லாம் வேரோட எடுத்து, கிணறு இருக்கிற பிரார்த்தனைக் கூடத்துக்குக் கொடுத்தது நான்தான்டி. ஆள் இல்லாட்டியும் பூக்கிற செடின்னு இவ இதைக் கொண்டுவந்து நட்டா. நான் நம்பினேனா? வெளுத்துப்போய் நிக்குதே பாவம்னு, இவளுக்குத் தெரியாம தண்ணி ஊத்தி ரெண்டைக் கொன்னேன். அப்புறம் என் கை மேலேயே நம்பிக்கை போய், கைப்பிடியைக் கழட்டி இவகிட்டக் கொடுத்தேன். இது பூத்தா வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பறதுன்னு பந்தயம்.”

உள்ளே போன அம்மா, சக்கரம் வைத்த புத்தம்புதுப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

மகளின் முகம் மாறியது.

“இப்பவாம்மா? எங்க வீட்ல பெயிண்ட் அடிக்கிறாங்களே… என் மாமியார் வேற வந்திருக்காங்க… உனக்குன்னு தனி ரூம்கூட இல்லே. அடுத்த வருஷம் நானே வந்து கூட்டிட்டுப் போறேனே?”

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா சிரித்துக்கொண்டே மகளின் கன்னத்தைத் தட்டினாள்.

“பதறாதேடி, உன் வீட்டுக்கு இல்லே. நான் கடலே பார்த்ததில்லைன்னு ஒருநாள் பேச்சுவாக்குல சொன்னதுக்குத்தான் இவ இந்தச் செடியை அலைஞ்சு தேடிப் பிடிச்சா. மத்தியான ரயில்ல நாங்க ரெண்டு பேரும் கடலுக்குப் போறோம்!”