முயல் தொடாத பூக்கள்

"உங்க வாசலைப் பாருங்க மார்லிஸ், மொட்டை அடிச்ச மாதிரி இருக்கு. தெரு மானமே போகுது!" என்றாள் குடியிருப்போர் சங்கத் தலைவி வில்டா.

"காட்டு முயலுங்க மேஞ்சிட்டுப் போகுது. நான் என்ன பண்ண? பேசாம பிளாஸ்டிக் பூ வெச்சிடட்டுமா?"

"அதுக்குத்தான் சங்கத்துல தடை போட்டிருக்கேனே! என் வீட்டுப் பூவை ஒரு முயலாவது தொடுதா? செடி வளர்க்கவும் ஒரு தகுதி வேணும்."

மறுநாள் கால்கரி நகரில் பருவத்தின் முதல் பனி கொட்டியது. தெருவிலிருந்த செடிகளெல்லாம் கருகிச் சாய்ந்தன. வில்டாவின் வாசலில் மட்டும் பனிக்கு மேலே சிவப்புப் பூக்கள் வாடாமல் சிரித்தன. முயலின் காலடித் தடம் அந்தப் பூக்கள் வரை போய், அப்படியே திரும்பியிருந்தது.

மார்லிஸ் வேலியோரம் நின்று கேட்டாள்:

"ஏன் வில்டா, இதுக்கு உரம் போடுவீங்களா, சோப்பு போட்டுக் கழுவுவீங்களா?"