வாகை மரத்துக் காயம்

தெருமுனை வாகை மரத்தில் நான் லாரியை மோதி ஏழு வருஷம் ஆகிறது. அடிமரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை உரிந்துவிட்டது. சட்டப்படி, அது மூடும்வரை மரத்தை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. காலில் கண்காணிப்பு வளையம் மாட்டியிருக்கிறார்கள்.

தினமும் காலையில் காயத்தைத் துடைத்து, பூஞ்சை பார்த்து, வேருக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, மனைவி செண்பகவல்லியோடு காபி குடிப்பேன். முன்பெல்லாம் மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பேன். காயம் மூடிய மறுநாளே லாரி ஏறிவிடுவேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு விரல் அகலம்தான் பாக்கி இருந்தது.

இன்று அளக்க வந்த ஆய்வாளர் நசீமா முகம் சுளித்தார்.

"அண்ணே, ரெண்டு விரல் காட்டுது. புதுப் பட்டையை யாரோ சுரண்டியிருக்காங்க."

குனிந்து பார்த்தேன். வரிவரியாகக் கீறல், நடுவில் மட்டும் ஒரு வரி இல்லை. எங்கள் வீட்டுத் தேங்காய்த் துருவியிலும் நடுப்பல் கிடையாது.

"நான்தாம்மா. உள்ளே பூச்சி இருக்கான்னு பார்த்தேன்."

"அப்படி எழுதினா இன்னும் மூணு வருஷம் கூடுமே!"

"எழுதிக்கோங்க."

வீட்டுக்கு வந்தேன். செண்பகம் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"பாவம், மரத்தை ஏன் நோகடிச்சே? இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பேனே," என்றேன்.

"சொன்னேனே," என்றாள். "நீங்க லாரி ஓட்டின பன்னெண்டு வருஷமும் சொன்னேன்."