கோதுமை நுழையாத வீடு

"அதை வாசல்லயே வை. சமையலறைப் பக்கம் கொண்டுபோனே, காலை உடைப்பேன்."

மாமியார் கையை நீட்டித் தடுத்தாள். அவள் மகள் கேக் பெட்டியோடு செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"உன் பிறந்த நாளாச்சேன்னு ஆசையா வாங்கிட்டு வந்தேம்மா."

"ஆசையை உள்ளே கொண்டா. கேக் வெளியே இருக்கட்டும்."

சமையலறையில் மருமகள் அடுப்பிலிருந்து ரொட்டி சுட்ட தகர அச்சை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அண்ணி, நீங்களாவது அம்மாவைக் கேக்கக் கூடாதா? மகாராணிக்குத் தனி ரொட்டியா?"

"தனியெல்லாம் இல்ல. எல்லாரும் இதைத்தான் சாப்பிடறோம்."

"அண்ணனுமா?"

"அவர் ஆபீஸ் கேண்டீன்ல பழி தீர்த்துக்கறார்."

மருமகள் அந்த வீட்டுக்கு வந்த புதிதில் காலையிலும் இரவிலும் கோதுமை ரொட்டிதான். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கோதுமை ஆகாது. 'வாயைத் திறக்காதே, வரன் தட்டிப் போயிடும்' என்று சொல்லித்தான் அம்மா கட்டிக் கொடுத்தாள். அவளும் திறக்கவில்லை. எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். மெலிந்தாள்.

ஒரு நாள் மாமியார் டாக்டரிடம் போய் வந்து பையை மேசைமேல் போட்டாள். "எனக்குக் கோதுமை ஆகாதாம். இனிமே ஒரு துளி மாவு இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது."

அன்று மருமகள் சாமிக்கு நன்றி சொன்னாள். சொல்லிவிட்டு, இன்னொருத்தர் நோய்க்கு நன்றி சொல்கிறோமே என்று வெட்கப்பட்டாள்.

கோதுமை இல்லாத ரொட்டி கடையில் இருந்தது. விலையைப் பார்த்துவிட்டு மாமியாரும் மருமகளும் வெறுங்கையோடு திரும்பினார்கள். ரேஷன் அரிசியை ஊறவைத்து, உலர்த்தி, மிக்சியில் அரைத்தார்கள். அதில் கொஞ்சம் மரவள்ளி மாவு. மாவு உதிராமல் பிடித்து நிற்க, மலச்சிக்கலுக்கு விற்கிற இசப்கோல். முதல் ரொட்டி உதிர்ந்தது. இரண்டாவது களியாக வந்தது. அதற்கும் மாமியார் பெயர் வைத்தாள்: "ஒட்டடைக் கம்பால குத்தினாலும் அச்சை விட்டு வராது. பசைன்னு வித்துடலாம்." சூட்டோடு அறுக்கக் கூடாது என்பது தெரியப் பல ரொட்டி போயிற்று.

இன்றைய ரொட்டி ஆறும் வரை காத்திருந்தார்கள். மருமகள் ஒரு துண்டு அறுத்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

நாத்தனார் மென்றாள். வெகுநேரம் மென்றாள். "வீடு கட்டலாம், அண்ணி."

"தின்னுட்டுப் பேசுடி," என்றாள் மாமியார்.

"இல்லம்மா, எனக்கு ஒரு சந்தேகம். அறுபது வருஷமா பன்னும் பிஸ்கட்டுமா செரிச்ச வயிறு. திடீர்னு எப்படி ஆகாமப் போகும்? டாக்டர் ரத்தம் எடுத்தாரா?"

"நாடி பிடிச்சுப் பார்த்தார்."

"நாடி பிடிச்சா இது தெரியுமா? நான் லேப்ல என்ன ஈ ஓட்டறேனா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

மாமியார் ரொட்டித் தூளை விரலால் ஒற்றி எடுத்துத் தின்றாள்.

"நானே எடுக்கறேன். ஆனா இப்ப எடுத்தா ஒண்ணும் தெரியாது. சில வாரம் பழையபடி கோதுமை சாப்பிடணும். அப்புறம்தான் ரத்தத்துல காட்டும். இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம். அண்ணிக்கும் இந்தச் செங்கல்லிலிருந்து விடுதலை."

யாரும் தடுப்பதற்குள் அவள் பெட்டியை எடுத்து வந்து கூடத்து மேசையில் திறந்துவிட்டாள். மூன்று தட்டு. மூன்று துண்டு. ஒன்றை மருமகள் கையில் திணித்தாள்.

"முதல்ல நீங்க சாப்பிடுங்க அண்ணி. எத்தனை மாசம் ஆச்சு! நாக்கு செத்துப் போயிருக்கும்."

மருமகள் தட்டைப் பார்த்தாள். சில வாரம். காலையும் இரவும். அதன் பிறகு மாமியாருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால் காலம் முழுக்க. கரண்டியால் ஒரு ஓரத்தை வெட்டினாள். வாய்க்குக் கொண்டுபோனாள்.

மாமியார் எழுந்து வந்து தட்டை வாங்கி மேசைமேல் வைத்தாள். "அவ அப்புறம் சாப்பிடுவா. நீ உள்ளே வா."

"எதுக்கு?"

"வான்னா வா."

அறைக்கதவு சாத்திக்கொண்டது.

மருமகள் அங்கேயே நின்றாள். சொல்லிவிட வேண்டும். ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்பார்கள். சொல்லட்டும். அம்மாவைத் திட்டுவார்கள். திட்டட்டும். தன் வயிற்றுக்காக ஒரு வயதானவளின் நோயைக் காவல் வைத்துக்கொண்டிருக்க முடியாது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள்.

உள்ளே நாத்தனார் குரல் பதறியது. "அப்ப உனக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லியா?"

"மெதுவாப் பேசுடி. கோதுமை ரொட்டியைத் தின்னுட்டு தினமும் உன் அண்ணி குழாயைத் திறந்து விட்டுட்டு பாத்ரூம்ல அழுவா. வெளியே கேக்காதுன்னு அவ நினைப்பு. நான்தான் டாக்டர்கிட்டப் போய் இது என்ன நோவுன்னு கேட்டேன். அவகிட்டயே கேட்டா, மறைச்சுட்டோமேன்னு கூனிக் குறுகிப் போயிடுவா. அதான் நோயை என் பேருக்கு மாத்திக்கிட்டேன்."