வெறும் வயிறு

பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுத்தபோது, டெஸ்மனின் வயிற்றிலிருந்த சோறு மேலெழும்பி நுரையீரலுக்குள் போய்விட்டது. இப்போது இயந்திரம்தான் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இரவிலையிருந்து ஒண்டும் குடுக்கக் கூடாதெண்டு சொன்னவைதானே, யசிந்தா?" என்றாள் டெஸ்மனின் அக்கா மெற்றில்டா. எல்லிங்ஸ்ருட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தேத்தண்ணியும் குடுக்கேல்லை, மச்சாள்."

"அப்ப சோறு தானா நடந்து போனதோ? புருசனைப் பட்டினி போட உமக்கு மனம் வந்திராது."



மருத்துவர் வந்தார். "அது முந்தின நாள் மதியச் சாப்பாடு," என்றார் நோர்வேஜிய மொழியில். "நீரிழிவுக்கு வாராவாரம் போடும் ஊசி எடுத்தாரா? சிலருக்கு அது இரைப்பையையே முடக்கிவிடும்."

"இவருக்குச் சீனி வருத்தமே இல்லையே," என்றாள் யசிந்தா.

சீனி வருத்தம் மெற்றில்டாவுக்குத்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"அம்பதாவது பிறந்தநாளுக்குக் கோட்டுப் போட வயிறு வத்தவேணும் எண்டு கேட்டவன்," என்றாள் தமிழில், மெதுவாக. "ஞாயிறு பூசை முடிய என்ரை ஊசியை நான்தான் போட்டுவிட்டனான். உமக்குச் சொல்லவேண்டாம் எண்டவன்."

யசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல்லை டொக்டருக்கு நோர்வே பாஷையிலை சொல்லுங்கோ, மச்சாள். பிறகு இந்தச் சனத்துக்குத் தமிழிலை சொல்லுங்கோ, என்னை ஏசின அதே சத்தத்திலை."